சுவருக்கும் கைக்கும் நடுவே

கைப்பேசி வாங்குமுன் நாட்கணக்கில் விசாரிக்கிறவர்கள்கூட, வாங்கி முடித்த மறுநாளே, அதற்கு வேண்டிய கவரையும் சார்ஜரையும் தெருமுனைக் கடையில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவதைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். கேமராவின் நுட்பங்களைப் பற்றியும் பேட்டரியின் ஆயுளைப் பற்றியும் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டு, இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ கொடுத்து ஒரு கருவியைக் கொண்டுவந்தவர், அதைத் தினந்தோறும் சுவரிலுள்ள மின்சாரத்தோடு இணைக்கப்போகிற அந்தச் சிறு பெட்டியைப் பற்றி, "எத்தனை வாட், என்ன விலை" என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் கேட்பதில்லை. கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளைத்தான் இங்கே கொஞ்சம் விஸ்தாரமாக எழுத உத்தேசித்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியைச் செய்த கம்பெனியின் முத்திரை இல்லாத எதையும் தொடாதே என்று உபதேசம் செய்கிற கட்சியைச் சேர்ந்தவன் அல்ல நான். சென்னையில் அண்ணா சாலைக்குப் பின்புறம், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் ரிச்சி தெருவும், அதைச் சுற்றியுள்ள நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகிய சந்துகளும் எனக்கு இளமையிலிருந்தே பழக்கமானவை. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து அகதிகளாய்த் திரும்பி வந்த நம்மவர்கள் 1969-இல் கடை பரப்பிய பர்மா பஜாரும் அப்படியே. இந்த இடங்களில் வியாபாரம் செய்கிறவர்களின் ஞானம் சாமானியமானதல்ல. எந்த மாடலுக்கு எந்த வருஷத்தில் கேமராவின் துவாரம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதைக் கம்பெனியின் சேவை நிலையத்திலே இருப்பவரைக் காட்டிலும் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். வேறு கம்பெனி செய்த பொருள் என்பது அதனாலேயே தாழ்ந்த பொருளாகிவிடாது. ஆனால் ஒரே கடையில், ஒரே பலகையில், அடுத்தடுத்த கொக்கிகளில் தொங்கும் கவரும் சார்ஜரும் ஒரே விதமான யோசனையோடு வாங்கத் தக்கவை அல்ல என்பதே நான் வற்புறுத்த விரும்பும் சங்கதி.

கவர் விஷயத்தில் என் அபிப்பிராயம் மிகவும் தாராளமானது. பிடித்த நிறத்தில், பிடித்த விலையில், யார் செய்ததாயினும் தயக்கமின்றி வாங்கலாம். கடைகளில் மெதுவாக வளையக்கூடியதாய்க் கிடைக்கும் கவர்களில் பெரும்பாலானவை டி.பி.யூ. என்று சுருக்கிச் சொல்லப்படும் ஒருவகைப் பாலியூரித்தேனால் ஆனவை. கெட்டியாக இருப்பவை பாலிகார்பனேட். தொட்டால் மாவு பூசினாற்போன்ற மென்மை தருபவை சிலிகோன். கைப்பேசி கீழே விழும்போது பெரும்பாலும் ஏதேனும் ஒரு மூலைதான் முதலில் தரையைத் தொடுகிறது; முழு வேகமும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. வளைந்து கொடுக்கும் பொருள் அந்த மூலையில் இருக்குமானால், மோதல் நிகழும் நேரம் சிறிதளவு நீள்கிறது. நேரம் நீள நீள விசை குறைகிறது. கவர் செய்யும் காரியம் அவ்வளவுதான். இது இரண்டாயிரம் ரூபாய்க் கவரால்தான் முடியும், நூற்றைம்பது ரூபாய்க் கவரால் முடியாது என்று சொல்வதற்குப் பௌதிக சாஸ்திரத்தில் இடமில்லை.

கடையில் நின்றபடியே செய்துபார்க்கக்கூடிய பரிசோதனைகள் சில உண்டு. கவரை மாட்டிய கைப்பேசியை முகம் குப்புற மேஜையின்மீது வைத்து, கண்ணாடிக்கும் மேஜைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் கவரின் விளிம்பு கண்ணாடியைவிட உயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். மல்லாத்தி வைத்து, கேமரா வளையத்துக்கும் இதேபோலச் செய்து பாருங்கள். பிறகு நான்கு மூலைகளையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் சற்றே பதிந்து மீள வேண்டும். பக்கத்திலுள்ள பொத்தான்கள் கவரின் வழியாக அழுத்தும்போது கல்லைப்போல் இறுகியிருந்தால் அந்தக் கவரை வேண்டாமென்று வைத்துவிடுங்கள். ஒரு மாதத்தில் விரல் நொந்துபோகும்.

பெட்டியின்மீது அமெரிக்க ராணுவத் தரம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விலையை இரட்டிப்பாக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மில்-எஸ்.டி.டி.-810 என்னும் அந்த ஏட்டில் வீழ்ச்சிப் பரிசோதனை உண்மையிலேயே உண்டு. ஒரு பொருளின் ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள் ஆக 26 விதமாக, 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் விழும் தளம் கான்கிரீட்டின்மேல் பரப்பிய இரண்டு அங்குல பிளைவுட் பலகை. அந்த 26 வீழ்ச்சிகளையும் ஒரே பொருள் தாங்கவேண்டும் என்பதுமில்லை, ஐந்து மாதிரிகள்வரை பங்கிட்டுக்கொள்ளலாம். மேலும், கவர்களைப் பரிசோதித்து முத்திரை குத்திக்கொடுக்கும் ராணுவ இலாகா எதுவும் கிடையாது. தாங்களே செய்து தாங்களே சொல்லிக்கொள்வதுதான். நம் வீட்டு கிரானைட் தரையும், பஸ் நிறுத்தத்துத் தார் ரோடும் பிளைவுட் அல்ல. ஆகவே அந்த எழுத்துக்களுக்காக ஒரு பைசாகூட அதிகம் கொடுக்கவேண்டிய அவசியமில்லை. டெம்பர் கிளாஸின்மேல் 9எச் என்று போட்டிருப்பதும் இந்த ஜாதிதான்: அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவையில் 9எச்; வைரத்துக்குப் பத்து என்று வைக்கும் மோஸ் அளவையில் ஒன்பது அன்று. சட்டைப்பையிலுள்ள மணல்துகள் அந்த மோஸ் அளவையில் ஏழு. கண்ணாடி ஏறக்குறைய ஆறு. எனவே 9எச் கண்ணாடியும் மணலால் கீறுபடவே செய்யும்.

டிரான்ஸ்பரன்ட் கவர் சில மாதங்களில் பழுத்த இலையின் நிறத்துக்கு வந்துவிடுகிறதே என்று கேட்பவர்கள் அநேகம் பேர். இது அழுக்கு அன்று. சோப்புப் போட்டுத் தேய்ப்பதில் பிரயோஜனமில்லை. விலை குறைந்த டி.பி.யூ.வின் மூலக்கூறுகளிலுள்ள வளைய அமைப்பு, வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள் நிறம் கொள்கிறது. அந்த வளையம் இல்லாத ரகம் ஒன்றுண்டு, விலை அதிகம். முதுகுப்புறம் கெட்டியான பாலிகார்பனேட்டும் ஓரங்களில் மட்டும் டி.பி.யூ.வும் உள்ள கவரை வாங்கினால், ஓரம் மஞ்சளித்தாலும் முதுகு நெடுநாள் தெளிவாக இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை கவரைக் கழற்றித் துடைப்பது நல்லது. கவருக்கும் முதுகுக்கும் நடுவே புகுந்த மணல்துகள், கவர் காப்பாற்ற வேண்டிய பொருளையே அரைத்துக் கெடுக்கும். டைரி கவர் என்று சொல்லப்படும் மூடித் திறக்கும் ரகத்தில் காந்தம் இருக்குமானால் திசைகாட்டி தடுமாறும். காரில் ஒட்டுவதற்காகக் கவருக்குள் இரும்புத் தகடு வைத்தவர்கள் வயர்லெஸ் சார்ஜரைப் பயன்படுத்தக் கூடாது. தகடு சூடேறும், மின்சாரம் ஏறாது. சித்திரை வெயிலில் பைக்கின் கைப்பிடியில் வழிகாட்டியாகக் கைப்பேசியை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் தடித்த கவரைக் கழற்றிவிட்டால் பேட்டரிக்குப் புண்ணியமாகும். கவரைப் பற்றி இவ்வளவு போதும். தவறான கவர் வாங்கினால் நஷ்டம் சொற்பமே.

சார்ஜர் அப்படியல்ல.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்னையே எழவில்லை. கைப்பேசியின் பெட்டியைத் திறந்தால் உள்ளேயே சார்ஜர் இருந்தது. 2020 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 12-ஐ வெளியிட்டபோது, சுற்றுச்சூழலைக் காரணங்காட்டி அதைப் பெட்டியிலிருந்து நீக்கியது. 2021 ஜனவரியில் சாம்சங்கும் எஸ்21 வரிசையில் அதே வழியில் சென்றது. பிறகு மற்றவர்களில் பலரும் தொடர்ந்தார்கள். வீட்டில் ஏற்கனவே பழைய சார்ஜர்கள் குவிந்து கிடக்கின்றன என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முதன்முதலாக ஒரு நல்ல கைப்பேசி வாங்குகிற குடும்பத்தில், குவிந்து கிடக்கும் பழைய சார்ஜர் எங்கிருந்து வரும்? கம்பெனியின் 20 வாட் சார்ஜருக்கு 1,900 ரூபாய் என்று விலை போட்டிருந்தால், கல்லூரி விடுதியிலிருக்கும் மாணவியும், சாப்பாட்டுப் பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டுசேர்த்துப் பிழைக்கும் இளைஞரும் நூற்றைம்பது ரூபாய்ச் சார்ஜரை நோக்கித்தான் கையை நீட்டுவார்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் கை எந்த நூற்றைம்பது ரூபாய்ப் பொருளின்மீது விழுகிறது, இன்னும் சற்றுக் கூடுதலாகச் செலவழித்தால் எது கிடைக்கும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லையே என்பதுதான் என் விசாரம்.

நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். சார்ஜருக்குள் நுழைந்தவுடன் அது நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, ஏறக்குறைய 325 வோல்ட்டாக ஒரு கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கிறது. அங்கிருந்து அதை ஒரு டிரான்சிஸ்டர் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, கட்டைவிரல் நுனியளவே உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் செலுத்துகிறது. மறுபுறம் ஐந்து வோல்ட்டோ ஒன்பது வோல்ட்டோ சாதுவாக வெளிப்படுகிறது. இந்த இரண்டு புறங்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு எதுவும் இருக்கவே கூடாது. காந்த சக்தி மட்டுமே கடந்து செல்லவேண்டும். கைப்பேசியின் உலோக ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, காதில் இயர்போன் வைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கும் அந்த 325 வோல்ட்டுக்கும் நடுவே உள்ள காவல், டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிமேல் சுற்றிய மெல்லிய பூச்சும், பலகையில் விடப்பட்ட சில மில்லிமீட்டர் வெற்றிடமுமே.

ரிச்சி தெருவில், குறுகலான ஒரு மாடிப்படியின் மேலே பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், நான் இதைப் பற்றி விசாரித்தபோது, பிளந்து வைத்த இரண்டு சார்ஜர்களை மேஜை விளக்கின் கீழே தள்ளினார். ஒன்று பெயருள்ள ஒரு கம்பெனி செய்தது. மற்றது, வெளியே அதே கம்பெனியின் பெயரைப் போலவே எழுத்துக்கள் பொறித்த போலி. முதலாவதின் பலகையில், உயர்ந்த வோல்ட் உள்ள பாதிக்கும் தாழ்ந்த வோல்ட் உள்ள பாதிக்கும் நடுவே ஒரு பிளவு வெட்டப்பட்டிருந்தது. ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறையாத அந்த இடைவெளியில் ஓர் ஈயத் துளிகூட இல்லை. டிரான்ஸ்ஃபார்மரை மஞ்சள் நாடா பல சுற்றுச் சுற்றியிருந்தது. நுழைவாயிலில் ஒரு ஃபியூஸ். இரு பாதிகளுக்கும் குறுக்கே நீல நிறத்தில் வட்டத் தகடுபோல ஒரு கெப்பாசிட்டர், பழுதானாலும் மின்சாரத்தைக் கடத்திவிடாதபடி அந்த இடத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்டது. இரண்டாவதில் பிளவுமில்லை, ஃபியூஸுமில்லை. சுவர் மின்சாரம் ஓடும் ஈயத்தடத்துக்கும் கைப்பேசிக்குப் போகும் தடத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்குமா என்பது சந்தேகம். நீலக் கெப்பாசிட்டரின் இடத்தில் ஏதோ ஒரு சாதாரண ரகம் உட்கார்ந்திருந்தது.

"சார், இந்த ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு எட்டியே பாக்கக்கூடாது. இதுல பாருங்க, தோள் மேல கை போட்டுக்கிட்டு நிக்குது" என்றார் அவர்.

"வெளியிலிருந்து பார்த்து எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாது சார். எடைய வெச்சுச் சொல்லுவாங்க, இப்ப அதுவும் ஆகாது. நல்லதே லேசா வந்துடுச்சு."

அவர் சொன்னது முற்றிலும் சரி. கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் உள்ள புதிய சார்ஜர்கள் இன்னும் விரைவாக மின்சாரத்தை வெட்டுவதால் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதுமாகி, பழையவற்றைவிட உருவத்திலும் எடையிலும் சுருங்கிவிட்டன. ஆகையால் கனமாக இருந்தால் நல்லது என்ற பழைய சூத்திரம் காலாவதியாகிவிட்டது. (வீட்டில் யாரும் சார்ஜரைப் பிளந்து பார்க்க முயல வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.)

இதை என் மிகையான அச்சம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். யூ.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்புப் பரிசோதனை நிறுவனம், பல நாடுகளிலிருந்து திரட்டிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. தேறியவை மூன்று. தவறிய 397-இல் 12 சார்ஜர்கள், தொட்டவரின் உயிரையே போக்கக்கூடிய அளவுக்கு மோசமாக அமைந்திருந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, இவை போலிகள்; அதாவது பிறர் பெயரைத் திருடிக்கொண்டவை. தன் சொந்தப் பெயரையே போட்டு, தன் விலாசத்தையும் அச்சிட்டு விற்கும் வேறொரு கம்பெனியின் சார்ஜரை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது பெரிய அநியாயம். "ஃபர்ஸ்ட் காப்பி", "மாஸ்டர் காப்பி" என்று கடைக்காரர் நயமாகச் சொல்வது எதுவாயினும் அது திருட்டுப் பெயரே. பெயரிலேயே பொய் சொன்னவன் ஃபியூஸ் விஷயத்தில் மெய் சொல்வான் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஜனங்களிடையே பரவியிருக்கும் ஒரு பயத்தையும் போக்கிவிட வேண்டும். அதிக வாட் உள்ள சார்ஜரை மாட்டினால் கைப்பேசி கெட்டுவிடும் என்று பெரியவர்கள் பலர் நம்புகிறார்கள். டைப் சி வழியாக யூ.எஸ்.பி. பவர் டெலிவரி (பி.டி.) என்னும் முறையில் இயங்கும் சார்ஜர், முதலில் ஐந்து வோல்ட்டை மட்டுமே கொடுத்துக் காத்திருக்கிறது. கைப்பேசியும் சார்ஜரும் ஒரு மெல்லிய கம்பியின் மூலம் பேசிக்கொண்டு, இன்ன வோல்ட், இன்ன ஆம்பியர் என்று உடன்பட்ட பிறகே அது ஒன்பதுக்கோ அதற்கு மேலோ ஏறுகிறது. எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது கைப்பேசி. லேப்டாப்புக்கென்று வாங்கிய 65 வாட் சார்ஜரில் 20 வாட் கைப்பேசியைத் தாராளமாக மாட்டலாம். அது தனக்கு வேண்டியதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் வாட் என்ற எண்ணை முன்புறத்தில் பார்த்து மயங்கிவிடக் கூடாது. சார்ஜரைத் திருப்பி, முள்ளுக்கு அருகே எறும்பைப்போல அச்சிட்டிருக்கும் வரிகளைக் கைப்பேசியின் கேமராவாலேயே பெரிதாக்கிப் படியுங்கள். அவுட்புட் என்ற சொல்லுக்குப் பின்னால் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்றிருந்தால், ஒன்பதை 2.22-ஆல் பெருக்க, அது 20 வாட் சார்ஜர் என்று விளங்கும். முன்பக்கம் 65 வாட் என்று தங்க எழுத்தில் மின்னியும், பின்பக்கம் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால், அது பத்து வாட். அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுவதே உத்தமம்.

வேகம் விஷயத்தில் இன்னொரு சிக்கல். எல்லாக் கைப்பேசிகளும் ஒரே பாஷை பேசுவதில்லை. ஒப்போ 2014-இல் ஃபைண்ட் 7 மாடலோடு கொண்டுவந்த வூக் முறை, வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும் தனி வழி. அதற்கு அதனுடைய சார்ஜரும் தடித்த கேபிளும் வேண்டும். அந்தப் பரம்பரையைச் சேர்ந்த கைப்பேசிக்கு நல்லதொரு பொதுச் சார்ஜரை மாட்டினால் தீங்கொன்றும் நேராது. விளம்பரத்தில் சொன்ன வேகம் மட்டும் வராது. சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு பி.பி.எஸ். என்ற அம்சம் சார்ஜரில் இருக்க வேண்டும். வோல்ட்டை 20 மில்லிவோல்ட் படிகளாக நுணுக்கி ஏற்றியிறக்கும் முறை அது. கடையில் "பி.டி. இருக்கிறதா, பி.பி.எஸ். இருக்கிறதா" என்று கேட்டால், விஷயம் தெரிந்த கடைக்காரர் உடனே முகம் மலர்ந்து சரியான பெட்டியை எடுப்பார். "எல்லாம் ஃபாஸ்ட் சார்ஜிங்தான் சார்" என்று பதில் வந்தால், அடுத்த கடைக்குப் போகலாம்.

கேபிளை அலட்சியப்படுத்துகிறவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடமுடியாது. கூகுள் கம்பெனியில் பொறியாளராக இருந்த பென்சன் லியூங் என்பவர் 2015-இன் இறுதியில், அமேசானில் விற்கும் டைப் சி கேபிள்களைத் தம் சொந்தக் காசில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, முடிவுகளை அங்கேயே விமரிசனமாக எழுதத் தொடங்கினார். அவர் கண்ட குற்றங்களில் முக்கியமானது ஒரு மின்தடை. பழைய செவ்வக முனையும் புதிய டைப் சி முனையும் உள்ள கேபிளில், 56 கிலோ ஓம் அளவுள்ள ஒரு சிறு மின்தடை இருக்கவேண்டும் என்பது விதி. மறுமுனையில் இருப்பது சாதாரணச் சார்ஜர், அளவோடு எடுத்துக்கொள் என்று கைப்பேசிக்குச் சொல்வது அதுவே. அதற்குப் பதிலாகப் பல கேபிள்களில் 10 கிலோ ஓம் இருந்தது. மூன்று ஆம்பியர் தாராளமாக எடு என்று அது பொய் சொல்லும். கைப்பேசி அதை நம்பி இழுக்க, கொடுக்கத் திராணியில்லாத சார்ஜரோ கணினியின் துவாரமோ தீய்ந்துபோகும். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்சாரக் கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. மாட்டிய கணமே அவருடைய குரோம்புக் பிக்சல் கணினியும் சோதனைக் கருவிகளும் பாழாயின. அடுத்த மாதமே, விதிக்கு உட்படாத டைப் சி கேபிள்களை விற்கக் கூடாதென்று அமேசான் தடைவிதித்தது. தனி மனிதர் ஒருவரின் சிரத்தை, உலகெங்கும் எத்தனையோ பேருடைய கருவிகளைக் காப்பாற்றியது. இப்படிப்பட்ட மனிதர்களை நான் மனமாரப் போற்றுகிறேன்.

கைப்பேசிக்கு மட்டுமானால், மூன்று ஆம்பியர் தாங்கும் கேபிள் போதும். லேப்டாப்புக்கும் சேர்த்து வாங்குகிறவர்கள், ஐந்து ஆம்பியர் கேபிளில் தன் தகுதியை அறிவிக்கும் ஒரு சில்லு உள்ளே இருக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முனைக்கு அருகில் கம்பி மடியும் இடத்தில் உறை கிழிந்துவிட்டால், இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி இன்னும் ஆறு மாதம் ஓட்டும் சிக்கனம் வேண்டாம்.

இனி, நல்ல சார்ஜரை அடையாளம் காணும் மார்க்கம். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் ஆணையோடு தொடங்கிய கட்டாயப் பதிவு முறை, சார்ஜர்களையும் பவர் பேங்குகளையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாதென்று விதிக்கிறது. பதிவு பெற்ற சார்ஜரின் உடலிலேயே அமைவனத்தின் முத்திரையும், ஐ.எஸ். 13252 போன்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவெண்ணும் இருக்கும். அச்சிடுவது யாராலும் ஆகும், ஆகையால் அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை இறக்கி, அந்தப் பதிவெண்ணை அதில் தட்டிப் பாருங்கள். உற்பத்தியாளர் பெயரும், எந்தப் பொருளுக்காகப் பதிவு என்பதும் வரும். பெட்டியிலுள்ள பெயரும் செயலியிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், அல்லது சார்ஜர் என்று கையில் இருப்பது அங்கே வேறேதோ பொருளாக இருந்தால், வாங்காதீர்கள். கடையில் நின்றுகொண்டே இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம் இது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யத்தான் வேண்டும்.

இந்த வழியில் தேடினால், பதிவுள்ள, சொந்தப் பெயருள்ள 20, 25 வாட் சார்ஜர்கள் போலியைவிடச் சில நூறு ரூபாய் அதிகத்திலும், கைப்பேசிக் கம்பெனியின் விலையைவிடக் கணிசமான குறைவிலும் கிடைக்கவே செய்கின்றன. ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரையும் சில சமயங்களில் விற்றவரையும் பொறுப்பாக்குகிறது. பில் இல்லையென்றால் எதை வைத்து வழக்காடுவது? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பில்லே முதல் சாட்சி.

ஏற்கனவே வீட்டிலிருக்கும் சார்ஜர்களையும் ஒரு நாள் உட்கார்ந்து பரிசீலியுங்கள். சார்ஜ் ஏறும்போது தொடுதிரை தானாகவே அங்குமிங்கும் தாவுகிறதா? சார்ஜர் வெளியிடும் மின்னிரைச்சலைச் சரியாக வடிகட்டாததன் லட்சணம் அது. உள்ளங்கையில் வைத்திருக்க முடியாதபடி சூடாகிறதா, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருகிறதா, காதை அருகில் கொண்டுபோனால் ரீங்காரம் கேட்கிறதா? உலோக ஓரத்தைத் தடவினால் மெல்லிய கூச்சம் தெரிவது, தரைக்கம்பி இல்லாத இரண்டு முள் பிளக் உள்ள நல்ல சார்ஜரிலும் சில வேளை உண்டு. ஆனால் சுருக்கென்று குத்துமானால், அல்லது சார்ஜர் இன்னதென்றே தெரியாததாக இருக்குமானால், காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், உடனே கழற்றிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில், சார்ஜ் ஏறும் கைப்பேசியைப் படுக்கையில் வைத்துக்கொண்டு படம் பார்க்கும் பழக்கத்தை, எந்தச் சார்ஜராக இருந்தாலும், தடுத்துவிடுவதே நலம்.

அதிகாரிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. விதி எழுதியாயிற்று, செயலியும் வந்தாயிற்று. ஆனால் பஸ் நிலையத்து நடைபாதையில் பதிவெண் இல்லாத சார்ஜர் பகிரங்கமாகத் தொங்குகிறது. அதை விற்கிறவர் எளிய மனிதர், அவரைத் துரத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மூட்டைமூட்டையாக இறக்குமதி செய்து அவருக்குக் கொடுக்கிறவரிடம் போகவேண்டும். நுகர்வோர் ஒவ்வொருவரும் எட்டு இலக்க எண்ணைச் சரிபார்த்துத்தான் பிழைக்கவேண்டும் என்பது, எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களை அபாயத்தில் விட்டுவிடுவதற்குச் சமானம்.

கழித்துக்கட்டிய சார்ஜரைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். கொடுக்குமுன், சுவரிலிருந்து கழற்றி ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு, குறடு கொண்டு பிளக்கின் முள்ளை மடக்கி, கேபிள் அதனோடு சேர்ந்தே இருந்தால் அதையும் இரண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். அப்படியே முழுசாகப் போட்டால், யாரோ ஒருவர் துடைத்து எடுத்துக்கொண்டு போய், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தம் வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்.